மாஸ்கோ தங்கமா, டோக்கியோ வெண்கலமா? ஒரு ஹாக்கி ரசிகனின் தரவரிசை

1980ல் மாஸ்கோவில் இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக் தங்கம் வென்றது. 2021ல் டோக்கியோவில் வென்றது வெண்கலம். பதக்கப் பட்டியலை வைத்துப் பார்த்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. ஆனால் பல வருடங்களாக ஹாக்கி பார்த்து வருபவர்களிடம் எந்த வெற்றிக்கு அதிகமாகக் கத்தினீர்கள், எதற்குக் கண் கலங்கியது என்று கேட்டுப் பாருங்கள். டோக்கியோ என்று சொல்பவர்களே அதிகம் இருப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ஏன் அப்படி? ஒரு வெற்றி நம்மை எவ்வளவு உலுக்குகிறது என்பதை அந்த ஒரு நாள் ஆட்டம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதற்கு முன்னால் எத்தனை முறை, எந்த விதத்தில் தோற்றோம் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அதிலும் கடைசி நிமிடத்தில் கையிலிருந்து நழுவிய ஆட்டங்கள் ரசிகனின் உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. அடுத்த முறை அணி முன்னிலையில் இருக்கும்போது அவன் கடிகாரத்தைத்தான் பார்க்கிறான். அந்தப் பயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக இருக்கிறது பின்னால் வரும் மகிழ்ச்சி. இந்திய ஹாக்கியின் பெரிய வெற்றிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது புரியும்.

மாஸ்கோவிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. ஹாக்கியில் மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து என்று பலம் வாய்ந்த அணிகள் எதுவும் வரவில்லை. மிஞ்சியது ஆறு அணிகள்: இந்தியா, ஸ்பெயின், சோவியத் யூனியன், போலந்து, கியூபா, தான்சானியா. தான்சானியாவை 18-0 என்றும் கியூபாவை 13-0 என்றும் இந்தியா வென்றது. 18 கோல் அடித்த ஆட்டத்தில் எந்த ரசிகனுக்கும் நெஞ்சு படபடக்காது.

இறுதி ஆட்டம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஆடிய இந்தியா, ஸ்பெயினுக்கு எதிராக 3-0 என்று முன்னால் போனது. அப்புறம் ஸ்பெயினின் ஹுவான் அமாட் ஒருவரே மூன்று கோல் அடித்தார். நடுவில் முகமது ஷாகித் அடித்த நான்காவது கோல்தான் இந்தியாவைக் காப்பாற்றியது. 4-3. ஆட்டம் என்ற அளவில் அருமையான ஆட்டம். பாஸ்கரனின் அணி மீது எந்தக் குறையும் இல்லை, எதிரே வந்தவர்களை அவர்கள் வென்றார்கள். ஆனாலும் வராத அணிகளைப் பற்றிய பேச்சு அந்தத் தங்கத்தோடு அன்றும் ஒட்டிக்கொண்டது, இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. அதுவரை இந்தியா ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்றிருந்தது. 1976ல் மாண்ட்ரியாலில் ஏழாவது இடத்துக்குச் சரிந்ததை ஒரு விபத்து என்றே பலர் நினைத்தார்கள். அதனால் மாஸ்கோவில் வென்றபோது, சரி, பழைய நிலைக்குத் திரும்பிவிட்டோம் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 41 வருடம் ஆகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வெற்றியைக் கொண்டாடிய விதமே வேறாக இருந்திருக்கும்.

1975 உலகக் கோப்பை அப்படி இல்லை. அதை நேரில் அனுபவித்த தலைமுறையிடம் நீங்கள் டோக்கியோ பற்றிப் பேசினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, கோலாலம்பூர் மாதிரி வருமா?" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் தரவரிசையில் டோக்கியோவுக்கு ஈடாக நான் வைப்பது அந்த ஒன்றை மட்டும்தான்.

அந்த வெற்றிக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1971ல் பார்சிலோனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் அரையிறுதியில் பாகிஸ்தானிடம் தோற்றோம். 1973ல் நெதர்லாந்தில் பாகிஸ்தானை வென்று இறுதிக்கு வந்து, அங்கே 2-0 என்று முன்னிலையும் பெற்று, கடைசியில் பெனால்டி ஸ்ட்ரோக்கில், அதாவது கோல்கீப்பரை மட்டும் எதிரே வைத்து அடிக்கும் முறையில், கோப்பையை விட்டோம். இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பிய அணி அது. 1975 மார்ச்சில் மூன்றாவது முறையாகக் கிளம்பியபோது குழு ஆட்டத்திலேயே அர்ஜென்டினாவிடம் ஒரு தோல்வி.

அரையிறுதியில் எதிரே மலேசியா. அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்தான் பாக்கி, இந்தியா 1-2 என்று பின்தங்கி நிற்கிறது. அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கான் உள்ளே அனுப்பப்படுகிறார். பெனால்டி கார்னர் என்ற கோல் வாய்ப்பு கிடைக்கிறது. கழுத்தில் இருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடிக்கிறார், கோல். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றி கோலை அடிக்கிறார். அந்தப் பெனால்டி கார்னர் வெளியே போயிருந்தால் 1975 என்ற வருடத்துக்கு இந்திய ஹாக்கியில் எந்த மதிப்பும் இருந்திருக்காது.

மார்ச் 15 அன்று மெர்டேக்கா மைதானத்தில் இறுதி ஆட்டம், பாகிஸ்தானோடு. முதல் கோல் அவர்களுடையது. இரண்டாம் பாதியில் சுர்ஜித் சிங் சமன் செய்தார். பிறகு தியான்சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கம்பமும் குறுக்குச் சட்டமும் சேரும் மூலையில் பட்டுத் திரும்பி வந்தது. கோல் என்றார் நடுவர். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, நடுவர் மாறவும் இல்லை. 2-1. அணித் தலைவர் அஜித்பால் சிங் கையில் உலகக் கோப்பை. சென்னையில் வளர்ந்த வலது விங் ஆட்டக்காரர் வி. ஜே. பிலிப்ஸும் அந்த அணியில் இருந்தார்.

இதை நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. வானொலியில் கேட்டார்கள். ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை அன்று நாடு முழுவதும் ஒலித்தது. தமிழ்நாட்டில் அந்த மொழி புரியாதவர்கள்கூட அவர் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே ஆட்டத்தைத் தொடர்ந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல், எதிரணி எவ்வளவு நெருங்கிவிட்டது என்று தெரியாமல், ஒரு குரலை மட்டும் நம்பிக் கடைசி நிமிடங்களைக் கடப்பது தொலைக்காட்சி ரசிகனுக்குத் தெரியாத ஒரு வேதனை. அந்தத் தலைமுறையின் மகிழ்ச்சி ஏன் அவ்வளவு பெரியது என்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பின் வந்த வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1976 ஒலிம்பிக்கிலிருந்து ஆட்டம் செயற்கைத் தரைக்கு மாறியது. இயற்கைப் புல்லில் பந்தை ஸ்டிக்கோடு ஒட்டவைத்து வளைத்து வளைத்துப் போகும் நம் பாணிக்கு அங்கே மதிப்புக் குறைந்தது. ஓட்டமும் உடல் வலுவும் நேராக அடிக்கும் பாஸும் மேலே வந்தன. அப்படிப்பட்ட தரை ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் வந்தபோது நம்மிடம் ஒன்றிரண்டுதான் இருந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் 1-7. 1986 உலகக் கோப்பையில் கடைசி இடம். நடுவே 1983ல் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையை வென்றது, நாட்டின் கவனம் மொத்தமும் அந்தப் பக்கம் போனது.

எங்கள் தலைமுறைக்கு முதல் பெரிய வெற்றி 1998 டிசம்பரில் பாங்காக்கில் வந்தது. 1966க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கமே இல்லை, 32 வருட இடைவெளி. இறுதியில் தென் கொரியாவோடு 1-1, பிறகு பெனால்டி ஸ்ட்ரோக்கில் 4-2. கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் தடுத்தார். தலைவர் தன்ராஜ் பிள்ளை, புனே அருகே கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பந்தோடு அவர் கிளம்பும்போது கூந்தல் பறக்க, எதிரணியின் பின்கள ஆட்டக்காரர்கள் திணறும் காட்சிக்காகவே ஹாக்கி பார்க்க ஆரம்பித்தவர்களில் நானும் ஒருவன். அந்த வெற்றி இன்னும் உயரத்தில் இருக்க வேண்டியது. ஆனால் சில வாரங்களுக்குள் தன்ராஜ் உட்பட ஆறு மூத்த ஆட்டக்காரர்களுக்கு "ஓய்வு" கொடுக்கப்பட்டது, பயிற்சியாளர் கௌஷிக்கும் நீக்கப்பட்டார். 32 வருடம் காத்திருந்து கிடைத்ததைக் கொண்டாடி முடிப்பதற்குள் அந்த அணியே கலைந்தது. இன்றும் 1998ஐ நினைத்தால் மகிழ்ச்சியோடு அந்தக் கோபமும் சேர்ந்துதான் வருகிறது.

அடுத்து சிட்னி. 2000 ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் அரையிறுதி. இந்தியா 1-0 என்று முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து கோல் அடித்தது. 1-1, அவ்வளவுதான், அரையிறுதி போனது. கடைசி நிமிடப் பயம் எங்களுக்குள் குடியேறியது அந்த நாளில்தான். பிறகு அது விடவே இல்லை. 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியம் கடைசி வினாடிகளில் கோல் அடித்து வென்றது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியோடு 1-1 என்று நின்ற ஆட்டத்தில், முடிய மூன்று வினாடி இருக்கும்போது கிறிஸ்டோபர் ரூர் கோல் அடித்தார். 2018 ஆசிய விளையாட்டு அரையிறுதியில் மலேசியா கடைசி நிமிடத்தில் சமன் செய்து, ஆட்டக்காரரும் கோல்கீப்பரும் தனியாக மோதும் ஷூட் அவுட்டில் நம்மை வெளியே அனுப்பியது. "இந்தியா முன்னிலை, இரண்டு நிமிடம் பாக்கி" என்று வர்ணனையாளர் சொன்னால் மற்ற நாட்டு ரசிகர்கள் எழுந்து கைதட்டத் தயாராவார்கள். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் உறைந்துபோவோம்.

2007 ஆசியக் கோப்பையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சென்னையில் நடந்தது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் இறுதி ஆட்டம். திலீப் திர்கே தலைமையிலான இந்தியா தென் கொரியாவை 7-2 என்று நொறுக்கியது. அந்த நேரத்தில் அது பெரிய திருவிழா. ஆனால் 7-2 என்ற ஆட்டத்தில் பயப்பட நேரமே இல்லை, கோல் விழ விழக் கைதட்டினால் போதும். அடுத்த ஆறு மாதத்தில் நடந்தது அந்த வெற்றியின் நிறத்தையே மாற்றிவிட்டது. 2008 மார்ச்சில் சிலியின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, பீஜிங் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தோம். 1928லிருந்து ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா இல்லாமல் இருந்ததில்லை. அந்தச் சங்கிலி அறுந்தது. இன்று சென்னை 7-2 ஞாபகம் வந்தால் கூடவே சாண்டியாகோவும் வந்து நிற்கிறது. முன்னால் நடந்த தோல்வி ஒரு வெற்றியைப் பெரிதாக்கும், பின்னால் நடக்கும் தோல்வி அதைச் சிறிதாக்கிவிடும்.

2014 இஞ்சியோன் இதற்கு நேர்மாறு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 12 அணிகளில் 12வது இடம் பிடித்த இந்தியா, இரண்டே வருடத்தில் ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானைச் சந்தித்தது. அக்டோபர் 2, விடுமுறை நாள், எல்லோரும் வீட்டில். பாகிஸ்தான் முதலில் கோல் அடித்தது, கோத்தாஜித் சமன் செய்தார். 1-1, ஷூட் அவுட்.

1998ல் இருந்தது பழைய முறை: பந்தைப் புள்ளியில் வைத்து ஒரே தள்ளு, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். 2014ல் புதிய முறை. ஆட்டக்காரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்புவார், கோல்கீப்பர் முன்னேறி வருவார், எட்டு வினாடிக்குள் கோல் அடிக்க வேண்டும். எட்டு வினாடி என்பது ரசிகனுக்கு மிக நீண்ட நேரம். கீப்பர் ஒரு பக்கம் சாய்வது, ஆட்டக்காரர் திரும்புவது, பந்து காலுக்கடியில் நழுவுவது எல்லாம் தெரியும்படி நடக்கும். பார்ப்பவனைப் பொறுத்தவரை பழைய முறையைவிட இதுதான் கொடுமை, இதுதான் சுவாரசியமும். அன்று கோலில் நின்றவர் கேரளத்தின் பி. ஆர். ஸ்ரீஜேஷ். இரண்டைத் தடுத்தார், இந்தியா 4-2 என்று வென்றது. தங்கத்தோடு ரியோவுக்கான இடமும் நேரடியாகக் கிடைத்தது. எதிரணி பாகிஸ்தான், 16 வருட இடைவெளி, 2012ன் அவமானம், ஷூட் அவுட் என்று எல்லாம் ஒரே மாலையில் சேர்ந்ததால் இஞ்சியோனை நான் மூன்றாவது இடத்தில் வைக்கிறேன்.

2016 டிசம்பரில் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்றபோது பலர் அதைக் கவனிக்கவில்லை. பெல்ஜியத்துக்கு எதிராக 2-1. கோல் அடித்தவர்கள் குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங். ஜூனியர் வெற்றியில் ஒரு தனி ருசி உண்டு: இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்க வைக்கும். 2001ல் ஹோபார்ட்டில் அர்ஜென்டினாவை 6-1 என்று வென்று கோப்பை வாங்கிய இளைஞர்களைப் பார்த்தும் அப்படித்தான் கனவு கண்டோம், அந்தக் கனவு பாதியில் நின்றது. லக்னோ கனவு நிற்கவில்லை. அந்த இரண்டு பெயரில் ஒன்று டோக்கியோவில் திரும்ப வரும்.

டோக்கியோவில் ஆரம்பத்திலேயே ஆஸ்திரேலியாவிடம் 1-7. 1982ல் டெல்லியில் வாங்கிய அதே எண்ணிக்கை. பிறகு அணி எழுந்தது, காலிறுதியில் பிரிட்டனை 3-1 என்று வென்றது, அரையிறுதியில் பெல்ஜியத்திடம் 2-5 என்று விழுந்தது. ஆகஸ்ட் 5, இந்திய நேரம் காலை ஏழு மணிக்கு வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே ரியோவில் மூன்று வினாடியில் நம்மைச் சாய்த்த அதே ஜெர்மனி.

இரண்டாவது நிமிடத்திலேயே ஜெர்மனி கோல் அடித்தது. சிம்ரன்ஜீத் சமன் செய்தார். அடுத்து ஜெர்மனி இரண்டு, 3-1. ஆட்டம் கை நழுவியது என்றே தோன்றியது. அங்கிருந்து ஹர்திக் சிங் ஒன்று, ஹர்மன்பிரீத் சிங் ஒன்று, இடைவேளைக்கு முன்பே 3-3. திரும்பி வந்ததும் ரூபிந்தர் பால் சிங் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒன்று, சிம்ரன்ஜீத் மறுபடி ஒன்று, 5-3. 3-1 என்று பின்தங்கிய அணி ஏழெட்டு நிமிட ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தது. கடைசிக் கால்பகுதியில் ஜெர்மனி ஒன்று திருப்பியது, 5-4. இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் ஜெர்மனி அலை அலையாக வந்தது. முடிய ஆறு வினாடி இருக்கும்போது அவர்களுக்குப் பெனால்டி கார்னர். ஹாக்கி அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெனால்டி கார்னரில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே தடுக்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். பின்கோட்டிலிருந்து பந்து தள்ளப்பட்டு, வட்டத்தின் விளிம்பில் நிறுத்தப்பட்டு, அங்கிருந்து இழுத்து வீசப்படும். அந்த வேகத்தில் வரும் பந்தை நோக்கி ஒருவர் நேராக ஓட வேண்டும், அடிபடும் என்று தெரிந்தே ஓட வேண்டும். டோக்கியோவில் இந்தியாவுக்கு அந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தவர் அமித் ரோஹிதாஸ். ஆட்ட நேரம் முடிந்தாலும் பெனால்டி கார்னர் முடியும் வரை ஆட்டம் முடியாது. ஆகவே கடிகாரம் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இல்லை.

புதிதாகப் பார்க்க வந்தவருக்கு அது விறுவிறுப்பான ஒரு முடிவு, அவ்வளவுதான். சிட்னியையும் ரியோவையும் பார்த்தவனுக்கு அந்த ஆறு வினாடியில் இருபது வருடம் ஓடியது. பந்து வந்தது, ஸ்ரீஜேஷ் தடுத்தார், முடிந்தது. அவர் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இத்தனை வருடம் கடைசி நொடியில் அங்கேதான் எல்லாம் போயிற்று, அன்று அங்கேதான் எல்லாம் நின்றது. மாஸ்கோ தங்கத்தைவிட இந்த வெண்கலம் ஏன் பெரிது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு பெனால்டி கார்னரைத்தான் காட்டுவேன்.

2024 பாரிஸிலும் வெண்கலம், ஸ்பெயினுக்கு எதிராக 2-1, இரண்டு கோலும் ஹர்மன்பிரீத். 1968, 1972க்குப் பிறகு அடுத்தடுத்த ஒலிம்பிக்கில் பதக்கம் வந்தது அப்போதுதான். ஆனால் பாரிஸில் என்னை உலுக்கியது பதக்க ஆட்டம் இல்லை, காலிறுதி. பிரிட்டனோடு 17வது நிமிடத்தில் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். அந்தத் தொடரிலேயே ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றதும் சேர்த்தி, ஒலிம்பிக்கில் 52 வருடங்களுக்குப் பிறகு. வெண்கல ஆட்டத்துக்கு வரும்போது இந்த அணி தோற்காது என்ற நம்பிக்கை வந்திருந்தது. நம்பிக்கை வந்தால் பயம் குறைகிறது, கொண்டாட்டத்தின் சூடும் கொஞ்சம் குறைகிறது. அது ஸ்ரீஜேஷின் கடைசி ஆட்டம் என்பதால் மனசு கனத்தது, அது வேறு.

இதே காரணத்தால் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுத் தங்கம் என் வரிசையில் கீழே போகிறது. ஜப்பானை 5-1. குழு ஆட்டத்தில் பாகிஸ்தானை 10-2. பாரிஸுக்கு நேரடி இடம். பெருமைக்கு எந்தக் குறையும் இல்லை, படபடப்பு மட்டும் இல்லை. 1932ல் அமெரிக்காவை 24-1 என்று வென்ற கதையைப் படிக்கும்போது வரும் அதே வியப்புதான் இங்கேயும்.

அதே வருடம் ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை மதிப்பில் ஹாங்சோவைவிடச் சின்னது. ஆனாலும் நான் அதை மேலே வைக்கிறேன். 16 வருடம் கழித்து எழும்பூர் மைதானத்துக்குச் சர்வதேச ஹாக்கி திரும்பியிருந்தது. அரியலூரிலிருந்து கிளம்பி, கோவில்பட்டியில் பயிற்சி பெற்று வந்த கார்த்தி செல்வம் அணியில் இருந்தார். கோவில்பட்டி பக்கத்தில் ஹாக்கி ஸ்டிக் இல்லாத தெருவைத் தேட வேண்டும், அந்த ஊர்ப் பையன்கள் வண்டி பிடித்து வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார்கள். இறுதியில் மலேசியா, இடைவேளையில் 1-3. மைதானமே அடங்கிப்போனது. மூன்றாம் கால்பகுதியின் கடைசி நிமிடத்தில் ஹர்மன்பிரீத் ஒன்று, அந்தச் சத்தம் அடங்குவதற்குள் குர்ஜந்த் இன்னொன்று. 3-3. முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஆகாஷ்தீப் சிங் நான்காவதை அடித்தார். தொலைக்காட்சியில் பார்ப்பவனுக்கு ஆட்டம் தெரியும். கேலரியில் இருப்பவனுக்குப் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத மனிதரின் கைநடுக்கமும் தெரியும். கோல் விழுந்ததும் அவரைத்தான் கட்டிப்பிடிப்போம்.

2025 டிசம்பரில் அதே மைதானத்தில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல ஆட்டம். ஸ்ரீஜேஷ் அப்போது பயிற்சியாளர். அர்ஜென்டினாவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் அடித்து 4-2. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்தானே என்று சீக்கிரம் கிளம்பியவர்கள் பெரிய இழப்பைச் சந்தித்தார்கள்.

பெண்கள் அணியை விட்டுவிட்டு இந்த வரிசையைப் போட முடியாது. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டு இறுதியில் இங்கிலாந்தை அவர்கள் மண்ணிலேயே கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றார்கள், மம்தா கரப் அடித்த கோல்டன் கோல். முதல் கோலோடு ஆட்டம் முடியும் விதி அப்போது இருந்தது, ஆகவே ஒவ்வொரு தாக்குதலும் கடைசித் தாக்குதல். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு, அதனால்தான் அதைப் பற்றிய பேச்சும் குறைவு. இன்றைக்கு அப்படியொரு இறுதி நடந்தால் நாடே தூங்காது. டோக்கியோவில் ராணி ராம்பாலின் அணி முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்று, பிறகு இரண்டை வென்று, காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தியது. குர்ஜித் கவுரின் கோல், பிறகு முழுக்க முழுக்க கோல்கீப்பர் சவிதாவின் தடுப்பு. அதற்கு முந்தைய ஒலிம்பிக்கில் கடைசி இடம் வந்த அணி அது. இறுதியில் பதக்கம் கிடைக்கவில்லை, நான்காவது இடம். ஆனாலும் அந்தக் காலிறுதி, கோப்பை வென்ற பல ஆட்டங்களைவிட என்னை அதிகம் ஆட்டிவைத்தது.

ஆக என் வரிசை இப்படி வருகிறது: கோலாலம்பூரும் டோக்கியோவும் சமமாக மேலே, அடுத்து இஞ்சியோன், அதையொட்டிச் சென்னை 2023, பிறகு பாங்காக், அதற்குக் கீழேதான் மாஸ்கோவும் ஹாங்சோவும். உங்கள் வரிசை வேறாக இருக்கலாம், நீங்கள் எந்தத் தோல்வியைப் பார்த்து வளர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். இந்த எல்லாவற்றையும் தூக்கி அடிக்கக்கூடிய வெற்றி ஒன்று உண்டு, அது உலகக் கோப்பை. 1975க்குப் பிறகு 2023 வரை நடந்த எந்த உலகக் கோப்பையிலும் இந்திய ஆண்கள் அணி அரையிறுதியைக்கூடத் தொட்டதில்லை. 2018ல் புவனேஸ்வரத்தில் நம் கூட்டத்தின் முன்னால் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2. 2023ல் அதே ஒடிசாவில் நியூசிலாந்தோடு 3-1 என்று முன்னிலை பெற்று, 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் காலிறுதிக்கே போகாமல் வெளியேறினோம். அந்தப் பக்கம் சேர்ந்திருக்கும் பயம் டோக்கியோவுக்கு முன்பு இருந்ததைவிடப் பெரியது.